பழகிய கல்: ஓட்டல் தோசைக்கல் பராமரிப்பின் வரலாறு

ஓட்டல் சமையற்கட்டில் அடுப்பை விட்டு இறங்காத பாத்திரம் தோசைக்கல். அண்டாவும் இட்லிச் சட்டியும் வேலை முடிந்ததும் கழுவுமிடத்துக்குப் போய்விடும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், 12 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புப் பலகை எங்கும் போகாது. அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. எனவே அதைச் சுத்தம் செய்வதெல்லாம் இருந்த இடத்திலேயே, பெரும்பாலும் நெருப்பின் மேலேயே, ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் இடையில் கிடைக்கும் சில நொடிகளில் நடந்தாக வேண்டும். கல்லின் மேல் இரண்டு வகைக் கருமை சேரும். ஒன்று தீய்ந்த மாவும் எண்ணெய்க் கசடும் கலந்த பிசுக்கு. அது போக வேண்டும். மற்றொன்று இரும்போடு இறுகிப் படிந்த வழவழப்பான படலம். அது நிலைக்க வேண்டும். முதலாவதை எடுக்கும்போது இரண்டாவதை இழக்காமலிருப்பதே இந்தத் தொழிலின் நுட்பம். அந்த நுட்பம் ஒரே நாளில் வந்ததல்ல.

தட்டையான சூட்டுப் பரப்பில் மாவை வார்த்துச் சுடும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. அப்பம் சுட்டு விற்ற கூவியரையும் அவர்களுடைய கரிய அகல் சட்டியையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கரிய என்ற அடைமொழி கவனிக்கத் தக்கது. விற்பனைக்காக நாள்தோறும் நெருப்பில் ஏறிய அகல், எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது என்று கொள்ளலாம். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் தோசகம் என்ற பண்டத்தைச் சொல்கிறது. விஜயநகரக் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் தோசைப்படி என்ற நிவேதனம் இடம்பெறுகிறது. மதுரை அழகர்கோயிலில் தோசை இன்றும் பிரசாதம்.

மடைப்பள்ளியிலும் வீட்டிலும் தோசைக்கல்லுக்குத் தனி மரியாதை இருந்தது. பித்தளையையும் வெண்கலத்தையும் சாம்பலும் புளியும் போட்டு விளக்கிப் பளபளக்கச் செய்த அதே கைகள், தோசைக்கல்லை அப்படி விளக்கவில்லை. துணியால் துடைத்து, எண்ணெய்க் கை காட்டி, ஈரம் படாத மூலையில் சாய்த்து வைத்தன. புளி பட்டால் கல் கெட்டுவிடும் என்பது அடுக்களையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த அறிவு. புளியின் அமிலம் இரும்பின் மேலுள்ள படலத்தை அரிக்கும் என்று இன்றைய வேதியியல் அதற்குக் காரணம் சொல்கிறது.

அன்றைய கல் சிறியது. ஊர்க் கொல்லர் உலையில் காய்ச்சி அடித்துத் தட்டையாக்கிய இரும்பு ஓரளவுக்கு மேல் அகலமாக வராது. பரப்பும் முற்றிலும் சமமாக இராது. சேலத்தின் கஞ்சமலைப் பகுதியில் தாது உருக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. ஆனால் சிற்றுலைகள் ஒரு தடவையில் தந்த இரும்பு கொஞ்சம்தான். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார், அது நீடிக்கவில்லை. இறக்குமதி இரும்பும், 1912 முதல் ஜாம்ஷெட்பூரில் உற்பத்தியான எஃகும், பின்னர் பஞ்சாலை இயந்திரங்களையும் பம்புசெட்டுகளையும் ஒட்டிக் கோயம்புத்தூரில் பெருகிய வார்ப்படப் பட்டறைகளும்தான் கனமான, சமமான, பெரிய கல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

அதற்கான தேவையை உண்டாக்கியது ஓட்டல். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, வீட்டை விட்டு வெளியூரில் தங்கிப் படித்தவர்களும் வேலை பார்த்தவர்களும் நகரங்களில் பெருகினார்கள். அவர்களுக்காகக் காபி கிளப்புகள் வந்தன. உடுப்பியிலிருந்து வந்த சமையற்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் பம்பாயிலும் கடை போட்டார்கள். சமையற்கட்டு உதவியாளராக வாழ்க்கையைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1938-இல் சென்னை ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் திறந்தார். மசால் தோசை சென்னையில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பெங்களூரில் 1924-இல் மாவள்ளி டிபன் ரூம்ஸும், 1943-இல் காந்தி பஜாரின் வித்யார்த்தி பவனும் தொடங்கின. கடல் கடந்து 1947-இல் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் வந்தது.

கல் பெரிதாவதற்கு இன்னொரு தடை இருந்தது. மாவு ஆட்டுக்கல்லில் கையால் அரைபட்ட வரை, கல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஊற்ற மாவு கிடைக்காது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய கிரைண்டர் அந்தத் தடையை நீக்கியது. வட்டக்கல் இருந்த இடத்தில் நீள்சதுரப் பலகை ஏறியது. ஒரு ஈட்டுக்கு 6 தோசை, ஈட்டுக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120 தோசை. இந்த வேகத்தில் கல்லை இறக்கவும் முடியாது, ஆறவிடவும் முடியாது. ஓட்டல் தோசைக்கல்லுக்கே உரிய சுத்தம் செய்யும் முறை இந்த நெருக்கடியில்தான் முழு வடிவம் பெற்றது.

அந்த முறையின் முதல் படி, புதுக் கல்லைப் பழக்குவது. பட்டறையிலிருந்து வரும் கல்லில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயும் கடைசல் தூளும் இருக்கும். அவற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அரிசி கழுநீரையோ வடிகஞ்சியையோ ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடுவது பழைய வழக்கம். பிறகு காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி, புகை கிளம்பும் வரை சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் தடவுவார்கள். இப்படிப் பலமுறை. இடையிடையே நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு வதக்கி எடுப்பார்கள். அசைவ ஓட்டலாக இருந்தால் சில ஆம்லெட்டுகள் போட்டு எடுப்பார்கள். அந்த வெங்காயமும் ஆம்லெட்டும் பரிமாறுவதற்கில்லை. சாம்பல் நிற இரும்பு முதலில் பழுப்பாகும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் கறுக்கும். தோசை ஒட்டாமல் சுருண்டு எழும் நாளில்தான் கல் பழகிவிட்டது என்பார்கள்.

இந்தக் கருமை கரி என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அது எண்ணெயே உருமாறிய ஒரு திடப்பொருள். சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட வலையாகின்றன. இரும்பின் நுண்குழிகளை அந்த வலை நிரப்பிவிடுவதால் மாவு பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போகிறது. எந்த எண்ணெய் இப்படி இறுகும் என்பதை அதிலுள்ள லினோலிக் அமிலத்தின் அளவு பெரிதும் தீர்மானிக்கிறது. நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ 40 சதவீதம். இறுகவும் செய்யும், பிசினாகத் தேங்கியும் போகாது. தேங்காயெண்ணெயில் அது மிகக் குறைவு என்பதால் படலம் எளிதில் அமையாது. சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல். படலம் சீக்கிரம் அமைந்தாலும், கல்லின் ஓரங்களில் கையில் ஒட்டும் மஞ்சள் பிசினாகத் தேங்கும். கல்லுக்கு நல்லெண்ணெய்தான் என்று பழைய தோசை மாஸ்டர்கள் பிடிவாதம் பிடித்ததில் ருசி மட்டும் காரணமில்லை.

வேலை நேரத்துச் சுத்தத்துக்கு மூன்று பொருள்கள் போதும்: தண்ணீர், தென்னை ஈர்க்குத் துடைப்பம், பாதியாக வெட்டிய வெங்காயம். ஒரு ஈடு எடுத்ததும் மாஸ்டர் தோசைக்கரண்டியின் விளிம்பால் ஒட்டியிருக்கும் பொருக்குகளைச் சுரண்டித் தள்ளுவார். குவளையிலிருந்து கையால் அள்ளி வீசிய தண்ணீர் கல்லில் பட்டுச் சீறும். ஆவி எழும்போதே துடைப்பம் உள்ளிருந்து ஓரம் நோக்கி ஒரே போக்கில் நான்கைந்து வீச்சு வீசும். தண்ணீரோடு மாவுத் துணுக்கும் பழைய எண்ணெயும் கல்லின் விளிம்பில் போய்ச் சேரும். கல் உலர்ந்து மங்கலானதும், கரண்டிக்காம்பிலோ முள்கரண்டியிலோ குத்திய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்பு. அடுத்த மாவு விழும்.

இதில் தண்ணீருக்கு இரட்டை வேலை. அழுக்கை இளக்குவது ஒன்று, சூட்டைத் தணிப்பது மற்றொன்று. கல் அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் மாவின் அடிப்பகுதி தொட்டவுடன் வெந்து இறுகிவிடும். கரண்டியால் இழுத்தால் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். 30 டிகிரியில் இருக்கும் 100 மில்லி தண்ணீர் முழுவதும் ஆவியாக ஏறத்தாழ 255 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 70 கிலோ இரும்பிலிருந்து அவ்வளவு வெப்பத்தை எடுத்தால் முழுக் கல்லின் சூடும் ஏறத்தாழ 7 டிகிரி குறையும். அடியிலிருந்து சூடு மேலே ஏறி வரச் சற்று நேரம் ஆவதால் மேற்பரப்பில் குறைவு இதைவிட அதிகம். மாவை வட்டமாக இழுக்க அந்த இடைவெளி போதும். தெளித்த துளிகள் உடனே ஆவியாகாமல் முத்துப்போல் உருண்டோடினால் கல் மிதமிஞ்சிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். துளிக்கும் கல்லுக்கும் இடையே ஆவிப் படலம் அமைவதால் வரும் இந்த விளைவை 1756-இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட். தோசை மாஸ்டர் அதைக் கண்ணாலும் காதாலும் அறிவார்.

விறகடுப்பின் காலத்தில் இந்தத் தெளிப்பு இன்னும் அவசியமாக இருந்தது. எரியும் கட்டையை நினைத்த நொடியில் தணிக்க முடியாது. வெளியே இழுத்தாலும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்த மாஸ்டரிடம் இருந்த ஒரே திருகு தண்ணீர்க் குவளைதான். திருகினால் குறையும் எரிவாயு அடுப்பு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடாமல் தொடர்வதற்குக் காரணம், அதைவிட வேகமாக மேற்பரப்பைத் தணிக்கும் வழி வேறில்லை என்பதே.

துடைப்பம் ஈர்க்காலானது என்பதும் தற்செயலல்ல. ஈர்க்கு பொருக்கைத் தள்ளும் அளவுக்கு விறைப்பானது, படலத்தைக் கீறாத அளவுக்கு மென்மையானது, காய்ந்த இரும்பில் உருகாதது. நைலான் இழை கல்லில் பட்டவுடன் இளகி ஒட்டிக்கொள்ளும். கம்பித் தூரிகை படலத்தைக் கிழிப்பதோடு, உடைந்த கம்பி உணவில் கலக்கும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் அப்படிக் கம்பியை விழுங்கிக் காயமுற்று மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் எச்சரிக்கை வெளியிட்டது. ஈர்க்கும் தேய்ந்து உடையும் என்பதால் துடைப்பத்தின் நுனியை அவ்வப்போது வெட்டிச் சமன் செய்வதும், புதுத் துடைப்பத்தை வெந்நீரில் ஊறவைத்து எடுப்பதும் நல்ல ஓட்டலின் அடையாளம். வெங்காயத்தின் பயனும் இதே வகை. அதன் அடுக்குகள் எண்ணெயைப் பிடித்து வைத்துச் சீராகப் பரப்பும். சாறு பிசுக்கை இளக்கும். தேய்ந்தால் ஒரு சீவு சீவிப் புது முகத்தோடு தொடரலாம். வெங்காயம் சேராத சமையற்கட்டில் துணி முடிச்சு அந்த வேலையைச் செய்யும்.

எந்தப் பண்டத்துக்குப் பின் எவ்வளவு சுத்தம் என்பதும் அனுபவத்தில் வகுத்த ஒழுங்கு. சாதா தோசைக்கு ஒரு தெளிப்பு போதும். வெங்காய ஊத்தப்பம் போட்ட இடத்தில் வெங்காயத்தின் சர்க்கரை கருகிப் பிடித்திருக்கும். சுரண்டாமல் விட்டால் அடுத்த தோசையில் கரும்புள்ளி விழும். பொடி தோசைக்குப் பின் மிளகாய்த்தூள் கமறும். தக்காளி ஊத்தப்பத்தின் புளிப்பு படலத்தையே தின்னும் என்பதால் அங்கே உடனே எண்ணெய் தேய்க்க வேண்டும். ரவா தோசைக்கு மட்டும் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதனால் பல இடங்களில் கல்லின் ஒரு பகுதியையே அதற்கென ஒதுக்கிவிடுகிறார்கள். முட்டை தோசைக்குத் தனிக் கல்.

பரோட்டாக் கல்லின் கதை வேறு. அங்கே தண்ணீருக்கு வேலை குறைவு, கொழுப்புக்கு அதிகம். 1937-இல் டால்டா சந்தைக்கு வந்த பிறகு வனஸ்பதியும், பின்னாளில் பாமாயிலும் பரோட்டாவின் எண்ணெய்களாயின. பாமாயிலில் லினோலிக் அமிலம் ஏறத்தாழ 10 சதவீதம்தான். படலம் மெதுவாகவே அமையும். மேசையிலிருந்து உதிரும் மைதா எண்ணெயில் கருகிக் கறுப்புத் தூளாக மிதக்கும். இதைத் துடைப்பத்தால் தள்ள முடியாது. அகலத் தகட்டால் வழித்தெடுத்துத் துணியால் ஒற்ற வேண்டும். கொத்துப் பரோட்டாவிலும் இலங்கையின் கொத்து ரொட்டியிலும் கல் இன்னொரு சோதனைக்கு உள்ளாகிறது. இரட்டைத் தகடுகள் இரவெல்லாம் தாளம்போட்டு அடிப்பதில் படலம் செதில் செதிலாகப் பெயரும். சால்னாவின் உப்பும் ஈரமும் அந்த வெறும் இரும்பில் இறங்கும். காலையில் அங்கே செந்துரு பூத்திருக்கும். ஆகவே கொத்துக் கல்லை அடிக்கடி புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது.

கல்லின் அடிப்பக்கமும் பராமரிப்பில் சேரும். விறகும் மரத்தூளும் எரிந்த நாள்களில் அடியில் கரி அடை கட்டி, சூடு ஏறுவதைத் தடுக்கும். கல்லை நான்கு பேர் தூக்கிச் சாய்த்துக் கொத்திச் சுரண்டுவது வழக்கமான வேலை. 1955-இல் பர்மா ஷெல் பம்பாயில் சமையல் எரிவாயுவை அறிமுகப்படுத்தியது. 1965-இல் இண்டேன் வந்தது. 19 கிலோ வணிக உருளை ஓட்டல்களுக்குள் நுழைந்ததும் அடிக்கரி பெரும்பாலும் மறைந்தது. அதற்குப் பதிலாக பர்னரின் துளைகளில் வழிந்த மாவும் எண்ணெயும் அடைத்துக்கொள்ளும் சிக்கல் வந்தது. பாதித் துளைகள் அடைபட்டால் கல்லின் ஒரு பக்கம் முறுகும், மறுபக்கம் வெளுக்கும்; தோசையைப் பார்த்தே எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இரவில் கடை மூடும்போது நடப்பது நாளின் முக்கியமான சுத்தம். நெருப்பை அணைத்து, கல் முழுதும் ஆறிவிடாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுரண்டத் தொடங்க வேண்டும். ஆறினால் பிசுக்கு இறுகிவிடும். கல்லுப்பைத் தூவித் தேய்ப்பதும், செங்கல் துண்டால் ஓரங்களை உரசுவதும் பழைய முறைகள். காய்ந்த கல்லில் வாளித் தண்ணீரைக் கொட்டுவது பெரிய தவறு: வார்ப்பிரும்பு கீறல் விட்டுவிடும், எஃகுப் பலகை வளைந்துவிடும். வளைந்த கல்லில் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடித் தேங்கும். பட்டறையில் கொடுத்துச் சீவிச் சமன் செய்தால் பழகிய படலம் முழுவதும் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுத்தமானதும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கடலோர ஊர்களில் இதை ஒரு இரவு மறந்தாலும் உப்புக்காற்று துருவாகப் பதில் சொல்லும். ஆண்டுக்கொருமுறை ஆயுத பூஜைக்கு முன் அடுப்பைப் பிரித்து, அடிப்பக்கம், குழாய், பர்னர் எல்லாம் கழுவி, கல்லுக்கும் கரண்டிக்கும் திருநீறும் குங்குமமும் இடுவார்கள்.

எவர்சில்வரும் பூச்சுகளும் இரும்பை விலக்கப் பார்த்தன. 1938-இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான் வீட்டுக் கல்லை மாற்றியது. ஓட்டலில் அதனால் நிற்க முடியவில்லை: இரும்புக் கரண்டி அதைக் கீறும், 260 டிகிரியைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காது, ஆனால் சாதாரண எஃகு கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும் என்பதால் பர்னருக்கு நேர் மேலே கருகும், விலகினால் வேகாது. ஆகவே 1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை தொடங்கிய பின் எளிதாகக் கிடைத்த எவர்சில்வர் தகடு, அடுப்பின் சட்டமாகவும் எண்ணெய் வடியும் வாய்க்காலாகவும் ஆனது. நடுவில் இரும்பு அப்படியே நிற்கிறது. குரோமியம் பூசிய கல் பெரிய ஓட்டல்களில் இருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்; விலை அதிகம், கரண்டியின் கூர்முனை பட்டால் பூச்சு கெடும்.

இந்த வேலையை யார் செய்தார்கள் என்பதும் வரலாற்றின் பகுதி. காபி கிளப் காலத்தில் பிராமணர் நடத்திய கடைகளில் சமையற்கட்டுக்குள் அவர்களே நின்றார்கள். கொல்லையில் பாத்திரம் தேய்த்தவர்கள் வேறு சாதியினர். கல் உள்ளே இருந்ததால் அதைச் சுத்தம் செய்வது சமையலின் பகுதியாகவும், எச்சில் தட்டைக் கழுவுவது இழிவான வேலையாகவும் பிரிக்கப்பட்டன. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் இயக்கத்தார் நடத்திய ‘பிராமணாள்’ பெயர்ப்பலகை எதிர்ப்புக் கிளர்ச்சி இந்தப் பிரிவினையின் வெளி அடையாளத்தை எதிர்த்தது. உள்ளே இன்னொரு அநீதி நீடித்தது. இரவில் கல்லைச் சுரண்டும் வேலை சிறுவர்கள் தலையில் விழுந்தது. ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட பையன் முதலில் மேசை துடைப்பான், பிறகு கல் சுரண்டுவான், பல ஆண்டுகளுக்குப் பின்னே கரண்டியைப் பிடிப்பான். சூடான இரும்பும் வழுக்கும் எண்ணெயும் தந்த தீக்காயத் தழும்புகள் அந்தப் பயிற்சியின் விலை. 14 வயதுக்குட்பட்டவர்களை உணவகங்களில் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது.

அதே 2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2011 முதல் அதன் உரிம விதிகள் நடைமுறைக்கு வந்தன. உணவு படும் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதி தோசைக்கல்லுக்கும் பொருந்தும். கருமையான கல் அழுக்கல்ல என்பதை ஓட்டல்காரர் விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு எளிய சோதனை, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைப்பது. பழகிய படலம் துணியில் ஒட்டாது, பிசுக்கு ஒட்டும். கல்லுக்கான துடைப்பம் தரையில் படக் கூடாது, மூடி வைக்க வேண்டும், வாரந்தோறும் மாற்ற வேண்டும் என்ற ஒழுங்கைப் பல ஓட்டல்கள் தாமாகவே கடைப்பிடிக்கின்றன. எல்லா ஓட்டல்களும் கடைப்பிடிக்க வேண்டியது இது.

இன்று தமிழக ஓட்டல்களில் தோசைக்கல்லின் முன் நிற்பவர்களில் ஒடிசா, வங்காளம், அசாம், பீகார் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பலர். கல்லின் பதத்தை அவர்களும் நின்று பார்த்துத்தான் கற்றார்கள். எந்தப் பாடநூலும் கற்றுத் தரவில்லை. கடைசி வாடிக்கையாளர் போன பின் கல்லைச் சுரண்டி எண்ணெய் பூச ஆகும் நேரம் பல கடைகளில் சம்பளக் கணக்கில் ஏறுவதில்லை. உணவு விடுதித் தொழிலாளரின் வேலை நேரத்தையும் ஓய்வையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் இம்மாநிலத்தில் 1958 முதல் இருக்கிறது. அந்தச் சுத்தம் இல்லாமல் மறுநாள் கடை ஓடாது என்பதால், அந்த நேரமும் வேலை நேரமாகவே எழுதப்பட வேண்டும்.